படி திரும்பும் இடத்தில் ஒரு மேசை

அந்தச் சோப்பு ஆலையில் கீழ்த்தளத்துக்காரர்கள் பேசுவது மேல்தளத்துக்காரர்களுக்குக் கேட்காது. மேலே இருப்பவர்கள் பேசுவது கீழே இருப்பவர்களுக்கும் கேட்காது. பக்கத்தில் நின்று பேசினாலும் இதே கதைதான். உதடு அசையும், கை ஆடும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் மட்டும் வராது. வெட்டுப்பிரிவில் ஒருவர் கையுறை கேட்டபோதுதான் இது முதலில் தெரியவந்தது. மேலாளர் புன்னகையோடு தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். திமிரைப் பாரு என்றார்கள் கீழே. வாயை மட்டும் அசைத்துக் கேலி செய்கிறார்கள் என்றார்கள் மேலே. காது மருத்துவர் ஒருவர் வந்து இரண்டு தரப்பையும் வரிசையாக உட்காரவைத்துச் சோதித்தார். யார் காதிலும் பழுதில்லை என்று சொல்லிவிட்டு, கொடுத்த சோப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். எழுதிக் கொடுத்தும் பார்த்தார்கள். படியேறுவதற்குள் தாள் வெளுத்துப்போனது. எண்ணெய் விலை ஏறினால் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு வாங்கத் தொடங்குவது போல, இதற்கும் எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

அவள் அப்போது தட்டச்சு செய்ய வந்தவள். ஒருநாள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, கையுறை கேட்டவர் வெட்டுப்பட்ட விரலோடு மேலாளர் முன்னால் வாயசைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. "கையுறை வேணும்னு கேக்கறாரு சார்" என்றாள். அது மேலாளருக்கு மணி அடித்தது போலக் கேட்டது. அன்று மாலையே அவளைத் தொழிலாளர் உறவு அலுவலர் ஆக்கினார்கள். பதவி பெரியதாக இருந்தாலும் அதற்கென்று அறை எதுவும் இல்லை. மேலேயும் சேராத கீழேயும் சேராத இடமாக, படி திரும்பும் இடத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அந்த மேசையின் முனையில் இடுப்பை இடித்துக்கொண்டே போனார்கள்.

அவளுக்குக் கைவந்த வித்தை ஒன்றுதான், சொல்லின் முள்ளை எடுத்துவிட்டுக் கொடுப்பது. அவளிடம் சொல்லி அனுப்பும் பேச்சு மட்டும் அவள் காதில் விழும். கொதிகலன்காரர் வந்து நிற்பார். "அந்த ஆளுக்கு மண்டையில ஏதாவது இருக்கா இல்லையா? நீராவிக் குழாய் ஒழுகிட்டே இருக்கு. நாங்க என்ன, வெந்து சாகறதுக்கா வர்றோம்?" என்பார். அவள் மேலே போய், "குழாயைக் கொஞ்சம் பார்த்தா நல்லதுன்னு நினைக்கிறாரு சார்" என்பாள். மேலாளர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவனுக்கு வேற வேலை இல்ல. அடுத்த மாசம் பார்க்கலாம்னு சொல்லி அனுப்பும்மா" என்பார். அவள் கீழே வந்து, "சாரோட கவனத்துல இருக்காம். அடுத்த மாசம் கண்டிப்பா முடிஞ்சிடும்" என்பாள். இப்படியே வருடங்கள் ஓடின. கொதிகலன்காரர் ஒரு சாது என்று மேலாளர் நம்பினார். மேலாளர் மறதிக்கார நல்லவர் என்று கொதிகலன்காரர் நம்பினார். எடுத்த முள்ளெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

இடையிடையே நிபுணர் ஒருவர் கழுத்துப்பட்டையோடு வந்து உறவை வளர்க்கும் திட்டங்களைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். திறந்த கதவுத் திட்டம் என்று மேலாளர் அறையின் கதவைக் கழற்றினார்கள். ஈ வந்தது, குரல் வரவில்லை. ஆண்டுக்கொரு முறை மேல்தளமும் கீழ்த்தளமும் கயிறு இழுத்தன. கயிறு அறுந்து இரண்டு பக்கமும் மல்லாந்து விழுந்ததுதான் மிச்சம். பிறந்தநாள் வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். கீழே வருவதற்குள் அது வெறும் அட்டையாகிவிட, பொட்டலப்பிரிவுப் பெண்கள் விசிறிக்கொண்டார்கள். ஒவ்வொரு திட்டமும் படுத்ததும் அதன் வேலை அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஆலையின் உறவு மிகச் சுமுகம் என்று ஆண்டறிக்கையில் அச்சாகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனால் அவளுக்குத் தாடை வலிக்கும். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். கணவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பிள்ளை இல்லை. சோற்றை வடித்து வைத்துக்கொண்டு அவர்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னிக்கு யாரா வந்திருக்க? மேலாளரா, கொதிகலனா?" என்று கேட்பார். அவள் சிரிப்பாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால், தன்னுடையதாக ஒரு வாக்கியமும் அகப்படாது. பரவாயில்லை என்று அவரே இரண்டு பேருக்குமாகப் பேசி முடித்து விளக்கை அணைப்பார். இந்த மனிதர் இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன் என்ற நினைப்பு சில நாள் படுக்கையில் வரும். அதை நினைத்து முடிப்பதற்குள் தூங்கிப்போவாள்.

அவருக்கு நெஞ்சில் அடைப்பு என்று தெரிந்தது ஒரு திங்கட்கிழமை. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை, பிறகு பல வாரம் யாராவது கூடவே இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். யாராவது என்றால் அவள்தான். சிகிச்சைச் செலவை ஆலையின் காப்பீடு ஏற்கும். ஆனால் சொல்லாமல் விடுப்பு எடுத்தால் வேலை போகும், வேலை போனால் காப்பீடும் போகும். அவள் படியேறி மேலாளர் முன்னால் நின்று, "எனக்கு லீவு வேணும் சார்" என்றாள். மேலாளர் நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தார். "சொல்லும்மா. யாருக்கு என்ன வேணுமாம்?" என்றார். அவள் திரும்பச் சொன்னாள். அவர் தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "தொண்டை கட்டியிருக்கு போல. வெந்நீர் குடி" என்றார்.

கணவருக்காக என்று கேட்டுப் பார்த்தாள், சத்தம் வரவில்லை. கணவனும் மனைவியும் ஒரே கணக்கு என்று ஆலை முடிவு செய்துவிட்டது போல. எழுதிக் கொடுத்த விண்ணப்பம் மேலாளர் கைக்குப் போனதும் வெளுத்தது. வேறு வழியில்லாமல் புளுகவும் துணிந்தாள். "கொதிகலன்காரர் சொல்றாரு சார்" என்பது வரை கணீரென்று ஒலித்தது, மீதி ஆவியாகிப் போயிற்று. "என்ன சொல்றான்? முழுசா சொல்லும்மா" என்று மேலாளர் எரிச்சலானார். புதன்கிழமை மாலை கீழே இறங்கி, கடைசிப் படியில் நின்று, ஆலை முழுவதையும் பார்த்துச் சொன்னாள். இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருடம் ஊர்ச் சொல்லையெல்லாம் சுமந்தவளின் சொல்லைச் சுமக்க ஒரு நாதி இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. மேசையிலிருந்த பையை எடுத்து மாட்டிக்கொண்டு, வேலை போனால் போகட்டும் என்று வெளியே நடந்தாள். அந்தப் பையிலிருந்து கணவர் பெயர் எழுதிய, நெஞ்சுப்படம் வைத்த மருத்துவமனை உறை நீட்டிக்கொண்டிருந்ததைப் பொட்டலப்பிரிவுப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள்.

அதற்குப் பின் நடந்ததைப் பலரும் பலவிதமாக அவளிடம் சொன்னார்கள். சாரம் இதுதான். வெள்ளிக்கிழமை காலை, சொல்லாமல் வராதவளை நீக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட மேலாளர் பேனாவின் மூடியைத் திறந்தார். அப்போது கதவில்லாத அறைக்குள் கொதிகலன்காரர் நுழைந்தார். பின்னால் உறையைப் பார்த்த அந்தப் பெண். கேட்காது என்று தெரிந்தும், வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் அவர் வாயைத் திறந்தார். "யோவ், உனக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா? அந்தக்காவோட வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கிடக்காரு. லீவு குடுய்யா!"

மேலாளர் கையிலிருந்து பேனா விழுந்தது. அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை. சாது என்று நம்பியிருந்த மனிதருக்கு இப்படி ஒரு தொண்டையா என்று அதிர்ந்து, "எத்தனை நாள்?" என்றார். அதுவும் கொதிகலன்காரருக்குக் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்தார்கள். எத்தனை நாள் என்பது கொதிகலன்காரருக்கு எப்படித் தெரியும்? "அந்தக்காவுக்குப் போதும்னு தோணுற வரைக்கும்" என்றார். மேலாளர் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே சூட்டோடு கொதிகலன்காரர் தன் நீராவிக் குழாயைப் பற்றி ஆரம்பித்தார். உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் நின்ற பெண் ஒருகணம் யோசித்துவிட்டு, "அவருக்குக் குழாயை மாத்திக் குடுங்க சார். கையெல்லாம் கொப்புளம்" என்றாள். கேட்டது.

தனக்கென்று கேட்டால் கேட்காது, அடுத்தவருக்கென்று கேட்டால் கேட்கும். ஆலையின் சட்டம் அவ்வளவுதான். அதன் பிறகு வெட்டுப்பிரிவினர் காவலாளிக்கு நாற்காலி கேட்டார்கள். காவலாளி பொட்டலப்பிரிவுக்கு வெளிச்சம் கேட்டார். அதற்காகச் சண்டை ஓய்ந்துவிடவில்லை, யாருக்காக யார் முதலில் கேட்பது என்று புதுச் சண்டை கிளம்பியது. நிபுணர் வந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, தன் திட்டமாக வேறு ஆலைகளில் விற்றார். அங்கே பலித்ததா என்று தெரியவில்லை.

அவள் கணவர் பிழைத்துக்கொண்டார். அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு அவள் படுத்தாள். நோய் ஒன்றும் இல்லை, வெறும் அசதி. வருடக்கணக்கில் சேர்ந்தது, எவ்வளவு தூங்கியும் தீரவில்லை. சம்பளம் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. ஆலையில் மேலாளர்தான் இளைத்துப்போனார். முள்ளோடு வரும் சொற்களைக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. அவள் திரும்பி வர வேண்டும் என்று அவர் மனதார விரும்பினார். கீழே இறங்கி வந்து எல்லோர் முன்னாலும் கெஞ்சினார். உதட்டசைவிலேயே விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. அவருக்காக அவளிடம் போய்ச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. கொதிகலன்காரர் குனிந்து அழுத்தமானியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் மேலாளர் அவள் வீட்டுக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். அவள் படுத்தபடியே எடுத்துக் காதில் வைத்தாள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை. "யாருக்காகப் பேசறீங்கன்னு சொல்லுங்க. அப்பதான் கேக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"யாரு?" என்று சமையலறையிலிருந்து கணவர் கேட்டார்.

"தெரியல. தனக்குன்னு ஏதோ கேக்கறாங்க போல" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினாள்.