தாய்மாமன் மடி

ஞாயிறு மாலை ஆறே கால். ஹரிஷ்குமாரின் கார் ஆமத்தூர் விலக்கில் வந்து நின்றது. ஐந்து மணிக்குக் குழந்தையை ஒப்படைக்க வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு.

அண்ணன் செந்தூர்பாண்டியின் பைக் அருகே அனுப்பிரியா நின்றிருந்தாள். விவாகரத்தாகி ஒரு வருஷம். வாரம் முழுக்க பிரீத்திகா விருதுநகரில் அவளிடம். சனி, ஞாயிறு திருத்தங்கலில் அப்பாவிடம். அவன் வீட்டில் பெண்துணை இல்லை என்றுதான் ஜட்ஜ் குழந்தையை அவளிடம் கொடுத்தார். போன மாதம் அவன் மறுபடியும் மனு போட்டிருந்தான், குழந்தை தன்னோடே இருக்க வேண்டும் என்று.

பிரீத்திகா இறங்கினாள். நான்கு வயது. தலையில் கம்பளிக் குல்லா.

"இந்த வெக்கையில எதுக்கு குல்லா?"

அவன் வாயைத் திறக்குமுன் அனுப்பிரியா அதைக் கழற்றினாள். மொட்டை. காய்ந்த சந்தனம். இரண்டு காதிலும் புதுத்தோடு.

"குலதெய்வத்துக்கு நேர்ந்தது. கேட்டா நீ விட்டிருக்க மாட்ட."

"எங்கண்ணன் இல்லாம காது குத்துனீகளா? யார் மடியில உக்கார வச்சீக?"

"எங்க சித்தப்பா மடியில."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

கார் வாங்கவே நாள் பார்க்கும் வீடு அது. தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த மாட்டார்கள்.

செந்தூர்பாண்டி குனிந்து மொட்டையைத் தடவினான். "என்ன பாப்பா, கோவிச்சிக்கிட்டுப் பழனிக்குப் போன மாதிரி இருக்கீக?"

அவன் எடுத்து வைத்த சிவப்புக்கல் தோடு ஆறு மாதமாக பீரோவில் இருந்தது. 

"குத்தும்போது அழுதீகளா?"

"அழுதேன். மாமா வாயில சீனிமிட்டாய் போட்டாக."

"நானா?"

"நீங்க இல்ல. மடியில வச்சிருந்த மாமா. சாத்தூர் மாமா."

சாத்தூரில் இரண்டு வீட்டுக்கும் சொந்தம் கிடையாது.

செந்தூர்பாண்டி பைக்கில் போட்ட சாவியைத் திருகாமல் நின்றான். அனுப்பிரியா ரோட்டோரம் முட்டி போட்டு உட்கார்ந்தாள். குழந்தையின் காது மடலில் உறைந்திருந்த ரத்தத்தை முந்தானையால் ஒற்றினாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சாத்தூர் மாமாகூட அவுக தங்கச்சி வந்திருந்தாளா, பாப்பா?"