சாரலுக்கு அடைத்த ஜன்னல்

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், தென்காசியில் ஜன்னலை அடைத்துக்கொண்டு இருப்பவர்களை யாரும் மனுசக் கணக்கில் சேர்ப்பதில்லை. சங்கரேஸ்வரி அடைத்துக்கொண்டுதான் இருந்தாள். குற்றாலம் போகும் சாலையில் இருந்த அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் கொஞ்சம் காற்று ஆடினாலும் அவள் வேலை கெட்டுவிடும்.

வேலை இதுதான். ஊசிக்குள் உருகிய பிளாஸ்டிக். உடம்பு ஏற்றுக்கொண்டு மெல்லக் கரைத்துவிடும் வகை. ஊசிக்கும் கீழே இருக்கும் தகட்டுக்கும் நடுவே பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால், அது முடியைவிட மெல்லிய இழையாக இறங்கும். தகடு நகர நகர இழைமேல் இழை அடுக்கி, சட்டைப் பொத்தானைவிடச் சின்ன வலை ஒன்று எழும்பும். கிழிந்த செவிப்பறையில் இதை வைத்தால், செல்கள் பற்றி வளர்ந்து ஓட்டையை மூடிவிடும் என்பது அவள் நம்பிக்கை. செல் வளர்த்துப் பார்க்கச் சென்னையில் ஓர் ஆய்வகம் ஒப்புக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பார்சல் போயாக வேண்டும்.

அவள் அண்ணன் சுடலைராஜ் குற்றாலம் மெயினருவியில் பந்தோபஸ்து பார்க்கும் போலீஸ்காரன். கோயில் கொடைத் திருவிழாவில் வேட்டு வெடித்து இடது செவிப்பறை போய்விட்டது. இரண்டு ஆபரேஷன் செய்தும் ஒட்டவில்லை. காதில் தண்ணீர் படக்கூடாது. ஊர் உலகமெல்லாம் வந்து குளித்துவிட்டுப் போக, இவன் விசில் ஊதிக்கொண்டு நிற்பான். "எந்தங்கச்சி எனக்குக் காது செய்யுதா பாத்துக்க" என்று ஸ்டேஷன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். கேட்க நன்றாக இருந்ததால் அவளும் திருத்தவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தான். கடைசி அடுக்குகள் விழுந்துகொண்டிருந்தன.

"ஏட்டி, வெளிய சாரல் என்னமா அடிக்குது! இப்படிப் பூட்டிக்கிட்டு வேவுதியே, கிறுக்கா புடிச்சிருக்கு?"

அவள் திரும்புவதற்குள் ஜன்னல் கொண்டியை எடுத்துவிட்டான். ஜிலுஜிலுவென்று காற்று உள்ளே வந்தது. கேமரா பெரிதாக்கிக் காட்டிய திரையில் நேராக இறங்கிக்கொண்டிருந்த இழை துவண்டு, வலைக்குக் குறுக்கே கன்னாபின்னாவென்று விழுந்தது. அவள் ஓடிப்போய் மின்சாரத்தை அணைத்தாள்.

"கெடுத்துட்டியே அண்ணே!"

"நம்ம காதுதானட்டி. ரெண்டு நாள் பொறவு வச்சுக்கிட்டாப் போச்சு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன் காதுக்கில்ல! மொதல்ல செல்லு, பொறவு முயலு, அதுக்கும் பொறவுதான் மனுசன். பத்துப் பதினஞ்சு வருசம் ஆவும். உனக்கு வந்து சேருமோ என்னமோ, யாருக்குத் தெரியும்?"

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் தூக்கை மேஜையில் வைத்துவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தான்.

"கெட்டுப்போனதுதானே. இத எனக்கு வச்சிரேன்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தான்.

"முடியாதுண்ணே."

"ம்."

அவனே போய் ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டான்.

"அப்போ யாருக்குட்டி இது?"

"தெரியல. இன்னும் பொறக்காத புள்ளையாக்கூட இருக்கலாம்."

அவன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, ஸ்டூலை இழுத்து வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் வேர்வை.

"மறுபடி போடு. ஒருத்தனையும் உள்ள விட மாட்டேன். அந்தப் புள்ளையாவது அருவில குளிக்கட்டும்."