இருபத்தொன்பதாவது சட்டை

நாத்தனார் அந்தச் சீட்டைத் தையல் மெஷின் மேல் வைத்ததும், தையல்காரியின் கால் மிதிப்பலகையில் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னும் நாலு செட்டு. ரெண்டு பொண்ணு, ரெண்டு பையன். அளவெல்லாம் எழுதியிருக்கு. திங்கக்கிழமை நர்சரி திறக்குறப்ப கையில இருக்கணும்னு பெரிய மிஸ் சொல்லிட்டாங்க."

"இருபத்துநாலு பேரோட இடம் நிரம்பிடுச்சுன்னு சொன்னீங்களே அண்ணி?"

"நிரம்பிடுச்சுதான்."

"அப்ப இந்த நாலு பேரு?"

எதற்கும் விளக்கம் சொல்வதற்கு முன் நாத்தனாருக்கு ஒரு செருமல் வேண்டும்.

"ம்க்கும். இவங்கல்லாம் முன்னாடியே சொல்லி வச்சவங்க. உனக்குத் தைக்கக் குடுத்தா தைப்பியா, வக்கீல் மாதிரி குறுக்கக் கேள்வி கேப்பியா?"

மெஷினுக்கு அடியில், விழுந்து கிடந்த நூல் துணுக்குகளுக்கு நடுவே, நாலு வயது மகள் பட்டன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளை, வெள்ளை, நீலம். வெள்ளை, வெள்ளை, நீலம். வரிசை ஒரு நூலளவு கோணினாலும் பொறுக்கமாட்டாள். கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். அதனால் அவளுக்கே பட்டன் என்ற பேர் நிலைத்துவிட்டது. டாக்டர் சொன்ன பேர் வேறு. ஆட்டிசம். "இது நோய் இல்லம்மா. மத்த பிள்ளைங்களோட சேர்ந்து இருக்கட்டும். நல்ல நர்சரியாப் பாத்து சீக்கிரம் சேருங்க" என்றார் அவர். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டார்.

தையல்காரி ஏழு நர்சரிகளின் படி ஏறி இறங்கினாள். ஏழிலும் யாராவது ஒருத்தி குனிந்து, "உன் பேர் என்ன கண்ணு?" என்பாள். பட்டன் மின்விசிறியைப் பார்ப்பாள். ஓரிடத்தில் "காது கேக்குமா?" என்று கேட்டார்கள். இன்னோரிடத்தில் "கடிக்குமா?" என்று கேட்டார்கள், நாயைக் கேட்பதுபோல. எல்லா இடத்திலும் கடைசியில் வந்தது ஒரே பதில்தான். இடம் இல்லம்மா.

எட்டாவது நர்சரியை அவள் மலைபோல நம்பியிருந்தாள். நாத்தனார் அங்கே ஆயா. கணவன் அங்கே வேன் ஓட்டுகிறான். பிள்ளைகளின் சீருடைகள் இவள் மெஷினில்தான் தைபடுகின்றன. வீட்டில் உலை கொதிப்பதே அந்த நர்சரியால். அக்காவும் தம்பியுமாகப் பட்டனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "நீ வராத. நீ வந்தா அழுது காரியத்தைக் கெடுத்துடுவ" என்றான் கணவன். திரும்பி வந்து இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், இடம் நிரம்பிவிட்டதென்று.

இப்போது அந்த நிரம்பிய இடத்தில் இன்னும் நாலு பிள்ளைகள்.

அன்று சாயங்காலம் அவள் காலர் வெட்டிக்கொண்டிருந்தாள். சன்னல் வழியாக விழுந்த வெயில், மேசை மேல் கிடந்த நீலத் துணியை ஒரு சின்னக் கடலாக்கியிருந்தது. பட்டன் பேசாத பிள்ளை என்று எல்லோரும் சொன்னாலும் அது சரியில்லை. அவள் சொந்தமாகப் பேசாத பிள்ளை. என்றோ கேட்ட சொல்லை, கேட்ட குரலிலேயே, அச்சுப் பிசகாமல் திருப்பித் தருவாள். பஸ் கண்டக்டர் குரலில் "உள்ள போ, உள்ள போ" என்பாள். ஆனால் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வந்ததில்லை. அம்மா என்று கூப்பிட்டதும் இல்லை.

அந்தப் பிள்ளை ஒரு நீலப் பட்டனைத் தரையில் வைத்துவிட்டுச் செருமியது.

"ம்க்கும். என் தம்பி பொண்ணுதான் மிஸ். சேத்துக்காதீங்க. என் பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது. வீட்டுல இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா எல்லாம் போச்சு. இடம் இல்லன்னு சொல்லிடுங்க."

தையல்காரியின் கையிலிருந்து கத்திரி நழுவியது. ஒரே மூச்சில் இத்தனை சொற்கள்!

"ஏங்க! ஓடி வாங்க, பட்டன் பேசுறா!"

பேசுறா என்ற சொல் வாயை விட்டுப் போன பிறகுதான், மகள் என்ன பேசினாள் என்பது அவள் காதுக்குள் இறங்கியது.

வேன் கழுவிக்கொண்டிருந்த கணவன் ஈரக்கையோடு ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "என்ன சொன்னா? என்ன சொன்னா?"

பட்டன் இன்னொரு முறை சொன்னாள். அதே செருமல், அதே இழுப்பு. அவன் சிரிப்பு அணைந்தது. ஆனால் அவன் ஆச்சரியப்படவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தான்.

"கதவச் சாத்து" என்றான். பிறகு மெதுவாக, "வேற ஏதாச்சும் சொன்னாளா?"

பட்டன் வெள்ளைப் பட்டனை எடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இந்த முறை வந்தது அப்பாவின் குரல்.

"என் பொண்டாட்டிக்கு மட்டும் தெரிய வேணாம் மிஸ். அழுதே உயிரை எடுத்துடுவா."

தையல்காரி அழவில்லை. குனிந்து கத்திரியை எடுத்தாள்.

"அக்கா பொண்ணு வாழ்க்கையையும் பாக்கணும்ல?" என்றான் அவன். "இவளை எங்க விட்டாலும் ஒண்ணுதான். இவளுக்கு என்ன தெரியப்போகுது?"

"நடந்தது எல்லாம் தெரிஞ்சிருக்கே. அதை எனக்குச் சொன்னதும் இந்த வீட்டுல இவ ஒருத்திதான்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் இருபத்தெட்டுச் சட்டைகளையும் தைத்து முடித்தாள். மிஞ்சிய துணியில் இருபத்தொன்பதாவதாக ஒன்று தைத்தாள். தையல் விளிம்பு உறுத்தினால் பட்டன் அலறுவாள் என்பதால், அதற்கு மட்டும் விளிம்பு வெளிப்பக்கம்.

திங்கட்கிழமை, மூட்டை ஒரு தோளில், பட்டன் ஒரு கையில். நர்சரி முற்றத்தில் பெற்றவர்களும் பிள்ளைகளும் நிறைந்திருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளே என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. வேனுக்குள் உட்கார்ந்திருந்த கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சீருடையில் நின்ற பட்டனைப் பார்த்ததும் பெரிய மிஸ் பல் தெரியச் சிரித்தாள். "இடம் இல்லம்மா. எத்தனை தடவை சொல்றது?"

பட்டன் அம்மாவின் கையை விட்டுவிட்டு வகுப்புக்குள் போனாள். முப்பது நாற்காலிகள், வழவழவென்று, நேர் வரிசையில். அவளுக்காகவே யாரோ அடுக்கி வைத்ததுபோல இருந்தன. ஓரத்து நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு பிள்ளையின் அம்மா விரைந்து வந்து பக்கத்து நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். வரிசை கோணியது. பட்டன் எழுந்து அதை நேராக்கினாள். அந்த அம்மா மறுபடி இழுத்தாள். பட்டன் மறுபடி நேராக்கினாள்.

"ஆயா, யாரு பிள்ளை இது?"

"ம்க்கும். யாரோ தெரியலம்மா" என்றாள் நாத்தனார். "துணி தைக்கிறவ கூட வந்திருக்கும்."

நாற்காலியின் காலைத் தரைக்கோட்டோடு பொருத்தியபடி, யாரையும் பார்க்காமல், பட்டன் சொன்னாள்.

"ம்க்கும். என் தம்பி பொண்ணுதான் மிஸ். சேத்துக்காதீங்க."

இரண்டு பேர் நாத்தனாரின் வாயைப் பார்த்தார்கள். அது திறக்கவே இல்லை. அவள் ஓடி வந்து பிள்ளையின் வாயைப் பொத்துவதற்குள் கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கை, இப்போது பிள்ளையின் வாயை மறைத்தது.

தையல்காரி காத்திருந்தாள். யாராவது ஒருவர், ஒரே ஒரு வார்த்தை.

"பாவம் ஆயா" என்றாள் நாற்காலியை இழுத்தவள். "அவங்களும் பொண்ணு வச்சிருக்காங்கல்ல. மிஸ், இதுகூடவா எங்க பிள்ளைங்க உக்காரணும்?"

"ஐயோ, இல்லம்மா. இப்பவே அனுப்பிடுறேன்" என்றாள் பெரிய மிஸ்.

தையல்காரி போய் வகுப்பின் வாசற்படியில், வழியை அடைத்து உட்கார்ந்தாள். மூட்டையை அவிழ்த்தாள். கழுத்திலிருந்த அளவு நாடாவை இறக்கினாள்.

"அண்ணி, பிள்ளை வாயிலேருந்து கையை எடுங்க. சட்டை வேணுங்கிறவங்க ஒவ்வொருத்தரா வாங்க. போட்டுப் பாத்துதான் குடுப்பேன். இருபத்தெட்டு இருக்கு. எனக்கு அவசரமே இல்ல. அதுவரைக்கும் என் பொண்ணு உள்ளதான் இருப்பா."

யாரும் நகரவில்லை. உள்ளே பட்டன் தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

"இடம் இல்லம்மா" என்றாள், பெரிய மிஸ்ஸின் குரலில், தேன் ஒழுக.

சொல்லிவிட்டு, பக்கத்தில் கோணிக் கிடந்த காலி நாற்காலியைத் தன்னோடு வரிசையில் இழுத்துப் போட்டாள்.