எதோடும் சேராத பிரேக்

என் மனைவி பதினேழு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறாள். இதுவரை ஒரு பூனையின் வாலைக்கூட மிதித்ததில்லை. அதற்காக டிப்போவில் கொடுத்த கேடயம் எங்கள் கூடத்தில், நான் செய்த அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் கேடயத்தை எடுத்துப் பார்த்துப் பாராட்டிவிட்டு மறுபடி வைப்பார்கள். அலமாரியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. நான் சமையலறை அலமாரி செய்கிறவன். கதவு மூடும்போது சத்தம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. இப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் நாற்பத்தொரு வயதில் எலெக்ட்ரிக் கிடார் கற்றுக்கொண்டாள்.

மூன்று வருடம் விடாமல் பயிற்சி செய்து, மருந்துக்கடைக்காரரின் இசைக்குழுவில் இடமும் பிடித்துவிட்டாள். குழு என்றால் மூன்றே பேர். மருந்துக்கடைக்காரர் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவார், இடையிடையே மற்ற இருவரையும் திட்டுவார். தபால்காரர் டிரம்ஸ். என் மனைவி கிடார். கடைக்குப் பின்னால், இருமல் மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒத்திகை நடக்கும். ஒத்திகை நாளில் அவள் டியூட்டி முடிந்து வாசலுக்கு வரும்போதே விசில் கேட்கும். மற்ற நாட்களில் விசில் கிடையாது, "பால் காய்ச்சினீங்களா?" என்ற கேள்விதான். அந்த மூவரில் ஒருத்தியாக இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த விசிலிலிருந்தே நான் தெரிந்துகொண்டேன்.

கிடாரின் ஒலியை விதவிதமாக மாற்ற அவளிடம் ஒரு டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் பிராசசர் இருக்கிறது. ஷூ பெட்டி அளவுதான். கரகரப்பு, எதிரொலி, நடுக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். முன்பக்கம் இடமிருந்து வலமாக வரிசையாக ஆறு சுவிட்ச். காலால் மிதித்தால் ஒலி மாறும். ஆறாவதை அழுத்திப் பிடித்தால் சத்தம் மொத்தமாக அடங்கி, சுருதி சேர்க்கும் திரை வரும். பெட்டிக்கு வலப்பக்கம் தனியாக ஒரு வால்யூம் பெடல். குதிகாலை ஊன்றி முன்பாதத்தை அழுத்தினால் ஒலி கூடும், தளர்த்தினால் குறையும்.

பாட்டு நடுவில் கிடார் திடீர் திடீரென்று ஊமையாகிவிடுகிறது என்பதுதான் பிரச்சினை. வயர்கள் பின்னிக்கொண்டு, பெட்டி ஒரு பக்கமும் பெடல் ஒரு பக்கமும் நழுவிப் போவதால்தான் இப்படி என்று எல்லோரும் நினைத்தோம்.

"எல்லாத்தையும் ஒண்ணா உக்கார வைக்கற மாதிரி ஒரு பலகை செஞ்சு குடுங்களேன்" என்றாள்.

கேட்டது என் மனைவி, கேட்கப்பட்டவன் நான். விடுவேனா? கனமான பிளைவுட், மேலே லேமினேட், வயர் வைக்க ஓர் இழுப்பறை, அந்த இழுப்பறை இடிக்காமல் மெதுவாக மூடிக்கொள்ள உள்ளே டேம்பர். முடித்ததும் இரண்டு பேராகத் தூக்கிப் பார்த்தோம். இடுப்புக்கு மேல் வரவில்லை.

"இது பெடல்போர்டா, பீரோவா?" என்று கேட்டாள். "கண்ணாடி மட்டும் வைங்க, தலை சீவிக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே பீரோவைப் பிரித்துப்போட்டு, இரண்டாவதைத் தொடங்கினேன். மெல்லிய மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கி, முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த சரிவாகச் செய்தேன். அடாப்டரைச் சட்டங்களுக்கு அடியில் மறைத்தேன். வயர்களை இடைவெளி வழியே கீழே இறக்கி வாரிக் கட்டினேன். பிராசசரையும் பெடலையும் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி, ஒட்டுப்பட்டையால் அசையாமல் பதித்தேன். ஒற்றைக் கையால் தூக்கலாம். இந்த முறை நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

ஒத்திகைக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டாவது பாட்டில் கிடார் ஊமையானது. நான்காவதில் மறுபடியும். மருந்துக்கடைக்காரர் பாட்டை நிறுத்திவிட்டுப் பலகையைக் குனிந்து பார்த்தார்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். நீங்க ஒரு படி மேல போய் மேடையையே கோணலா செஞ்சு கொண்டாந்திருக்கீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. சனிக்கிழமை நூலகத் தோட்டத்துல வாசிக்கறோம். அங்கயும் இப்படி நின்னு போச்சுன்னா, அடுத்ததுலேர்ந்து என் அக்கா பையன் கிடார் வாசிக்கட்டும். ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறை மேடையில் கைகளை ஊன்றிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது மூன்று தடவைதான். நான் பலகையைக் கவிழ்த்துப்போட்டு ஒவ்வொரு வயரையும் ஆட்டிப் பார்த்தேன்.

"வயரை விடுங்க. வயர்ல ஒண்ணும் இல்ல. என் கால்தான்" என்றாள்.

"காலுக்கு என்ன?"

"தபால்காரர் வேகம் எடுத்தார்னா கால் தானா எங்கயோ போயிடுது. குனிஞ்சு பாத்தா ஆறாவது சுவிட்ச் மேல இருக்கு."

தபால்காரரின் வேகம் ஊரறிந்தது. நாளைக்கு வர வேண்டிய கடிதத்தை இன்றைக்கே கொடுத்துவிட்டுப் போகிற மனிதர். மெதுவான பாட்டைக்கூட நாய் துரத்துகிற மாதிரி முடிப்பார்.

"இவ்வளவுதானா? அந்த சுவிட்சுக்கு வேலையே இல்லாம பண்ணிடு" என்றேன். பண்ணினாள். ஒத்திகையில் எடுத்த பதிவை ஓடவிட்டு வாசித்துப் பார்த்தாள். வேகம் கூடிய இடத்தில் கால் கிளம்பி ஐந்தாவது சுவிட்சில் விழுந்தது. கிடார் கிணற்றுக்குள்ளிருந்து கத்தியது. அடுத்த முறை ஆறாவதும் ஐந்தாவதும் சேர்ந்து அமுங்கின. சுவிட்ச் கட்டைவிரல் அகலம், கால் எட்டு அங்குல நீளம். பதறிய கால் குறிபார்த்தா இறங்கும்?

மறுநாள் வியாழக்கிழமை. எனக்கு வேலை ஓடவில்லை. கதவு பொருத்தப் போன வீட்டில் கைப்பிடியைத் தலைகீழாக மாட்டிவிட்டு, சொல்லிக்கொண்டு வெளியே வந்து, அவளுடைய பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநர் பக்கத்து முன் இருக்கை காலியாக இருந்தது.

"வேலை இல்லையா?" என்றாள், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

"உன் காலைப் பாக்க வந்தேன்."

"கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழிச்சா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் மானத்தைக் கைவிட்டு, குனிந்து அவள் காலையே பார்த்தேன். குதிகால் ஓரிடத்தில் ஊன்றியிருந்தது. பாதம் மட்டும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து இடப்பக்கம் பிரேக்குக்குப் போய்ப் போய் வந்தது. அவள் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. பின்னால் ஒரு பெண்மணியிடம் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத் திருப்பத்தில் ஒரு சைக்கிள் சந்திலிருந்து அம்பாக வந்தது. பஸ் நின்றது. சைக்கிள்காரர் கையாட்டிவிட்டுப் போனார். ஒருவர் தலையும் இடிக்கவில்லை. என் வலது கால் மட்டும் பஸ் தரையை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு இருந்தது.

அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். "அங்க பிரேக் இல்லன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்."

உண்மைதான். அவள் எதை ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து நான் தரையை மிதிப்பேன். பதினெட்டு வருடமாக என் செருப்பு வலது பக்கம்தான் முதலில் தேய்கிறது. அங்கே பிரேக் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் மிதித்தால் ஒரு நிம்மதி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வால்யூம் பெடல்மேல் கால் இருக்கிறது. அவளைப் பொறுத்தவரை அது ஆக்ஸிலரேட்டர். டிரம்ஸ் வேகம் எடுக்கிறது. பதினேழு வருடம் பூனை வாலைக்கூட மிதிக்காத கால் என்ன செய்யும்? இடப்பக்கம் போய் பிரேக்கை மிதிக்கும், மிதித்துப் பிடிக்கும். அங்கே ஏற்கெனவே இருந்த ஆறாவது சுவிட்சை இன்னும் நெருக்கி, நகராமல் ஒட்டியும் வைத்த புண்ணியவான் நான்தான். அவள் காலில் ஒரு குற்றமும் இல்லை. அந்தக் காலுக்குத்தான் வீட்டில் கேடயம் இருக்கிறது.

கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியானதும் டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டேன். பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் இடையே எத்தனை அங்குலம், எது எவ்வளவு உயரம், எவ்வளவு சாய்வு, எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பக்கத்து பஸ் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பஸ்ஸுல கிச்சன் போடப் போறீங்களா?"

"ஆமா, உங்களுக்கும் ஒரு காபி வரும், காத்திருங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பட்டறையில் இருந்தேன். பலகையின் வலது ஓரத்தை நீட்டி, பிராசசரை இடப்பக்கம் தள்ளினேன். பெடலுக்கும் அதற்கும் நடுவே, பஸ்ஸில் அளந்த அதே இடத்தில், அதே உயரத்தில், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மரமிதியை வைத்தேன். மேலே பழைய செருப்பின் ரப்பர். கீழே ஒரு கீல், ஒரு ஸ்பிரிங். மிதித்தால் டங்கென்று இடிக்கக்கூடாதே என்று பீரோவிலிருந்து கழற்றிய டேம்பரையும் மாட்டினேன். அழுத்திப் பார்த்தேன். என் அலமாரிக் கதவு மாதிரியே சத்தமில்லாமல் இறங்கியது.

அவள் வந்து பார்த்தாள். பலகையைத் தூக்கி அடியில் தேடினாள்.

"இதுக்கு வயர் எங்க?"

"இல்ல."

"அப்ப இது என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. நீ மிதிக்கலாம்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பெடல்மேல் காலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மிதி. கால் நேராக மரத்தில் இறங்கியது. அவள் சிரிக்கத் தொடங்கினாள். மரத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலகத் தோட்டத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அறுபது பேர் இருக்கும். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு மருந்துக்கடைக்காரரின் அக்கா பையன். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவனும் நல்ல பிள்ளைதான், என்ன செய்வது.

மருந்துக்கடைக்காரர் பலகையைப் பார்த்தார். "இது என்ன புதுசா? என்ன எஃபெக்ட்?"

"வாசிக்கும்போது தெரியும்" என்றாள் என் மனைவி, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல்.

முதல் பாட்டு ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் கைதட்டல் கேட்ட உற்சாகத்தில் தபால்காரர் கிளம்பிவிட்டார். வேகம் ஏறியது. மருந்துக்கடைக்காரர் சொற்களைப் பாதி விழுங்கிப் பாதி துப்பினார். அவள் கால் பெடலிலிருந்து விலகுவதைப் பார்த்தேன். மிதித்தாள். மரம் சத்தமில்லாமல் இறங்கியது. கிடார் நிற்கவில்லை. ஒரு நூல்கூட அறுபடாமல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவள் தலை நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

அதன் பிறகு நடந்தது நானே எதிர்பார்க்காதது. மூன்றாவது பாட்டில் தபால்காரர் வேகமெடுத்தபோது அவள் பிரேக்கை மிதித்த மிதியில் உடம்பே கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. தபால்காரர் அதைப் பார்த்தார். பார்த்ததும் அவர் குச்சி தயங்கி, வேகம் குறைந்தது. ஐந்தாவது பாட்டுக்குள் அவள் காலைத் தூக்கினாலே போதும், மனிதர் ரோட்டோரம் ஒதுங்கிவிடுவார். மருந்துக்கடைக்காரர் ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒரு பாட்டின் எல்லாச் சொற்களையும் பாடி முடித்தார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் அவர் அக்கா பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த ஸ்பீக்கரை வண்டியில ஏத்து. அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன்" என்றார். பிறகு என் மனைவியிடம் வந்தார். "அம்மா, கிடார் நீங்கதான். இனி அந்தப் பேச்சே இல்ல. அந்தக் கோணல் பலகை மட்டும் மறக்காம வந்துடணும்."

தபால்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து, அந்த மிதியை எந்த வயர் வழியாகத் தன் டிரம்ஸோடு இணைத்தேன் என்று ரகசியமாகக் கேட்டார். தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டேன்.

பலகையைப் பின் இருக்கையில் படுக்கவைத்து, காரில் கிளம்பினோம். அவள்தான் ஓட்டினாள், விசிலடித்துக்கொண்டே.

"இன்னிக்கு எத்தனை தடவ மிதிச்சிருப்பேன்?"

"பதினொண்ணு."

"உக்காந்து எண்ணினீங்களா?"

"எண்ணல. நானும் கூடவே மிதிச்சேன். கால் வலிக்குது."

முச்சந்தியில் ஒரு வண்டி குறுக்கே வந்தது. அவள் பிரேக் போட்டாள். வழக்கம்போல என் வலது காலும் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அவள் திரும்பி என் காலைப் பார்த்தாள். அங்கே பிரேக் இல்லை என்று அன்றைக்கு மட்டும் அவள் சொல்லவில்லை.