உடுமலைத் தேங்காய்

கோயில் விசேஷத்தில் மைக் ஊளையிட்டால் ஊரே காதைப் பொத்தும். மைக் செட்காரன் விழுந்தடித்து ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைப்பான். சூலூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் பூச்சாட்டுத் திருவிழாவில் ஊர் காதைப் பொத்தியது. மைக் செட்காரன் ஓடவில்லை. தீபாராதனை போலிருக்கிறது, ஜனங்கள் கையைக் காதோரம் கொண்டுபோகிறார்களே என்று நானும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தம்பிதுரை சவுண்ட் சர்வீஸ் என்பது நான்தான். முதலாளி, ஆபரேட்டர், பெட்டி தூக்குகிறவன் எல்லாம் ஒரே ஆள். கல்யாணம், கட்சிக் கூட்டம், காதுகுத்து எதையும் விட்டதில்லை. காதுகுத்தில் குழந்தையின் காதை ஆசாரி குத்துவார். மீதிப் பேர் காதை நான் பார்த்துக்கொள்வேன்.

மறுநாள் கோயில் கமிட்டி சுப்பண்ணன் வீட்டுக்கே வந்தார். அவருக்குக் கட்டைக் குரல். எனக்கு நன்றாகவே கேட்கும். டீயைக் குடித்துவிட்டு, காதை ஒருக்கா எங்காவது காட்டிக்கொண்டு வரலாமே, அடுத்த வருசத்துச் சமாச்சாரத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாமே என்றார். சொல்லுக்குச் சொல் ஒரு ‘ங்க’ போட்டுச் சொன்னதால், என்னை நிறுத்திவிட்டார் என்பது அவர் தெருமுனை திரும்பின பிறகுதான் உறைத்தது.

காது பரிசோதனை நிலையம் காந்திபுரத்தில், நான் ஆம்ப்ளிஃபையர் வாங்கும் கடைக்கு நேர் மாடியில் இருந்தது. கீழே கெடுத்துக்கொண்டு அப்படியே மேலே ஏறிவிடலாம். வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். விலையைச் சொல்லும்போது காது கேட்கிற ஆள் ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்பதற்காக இருக்கும் என்று என் சம்சாரம் சென்னியம்மாளைக் கூட்டிப்போனேன்.

சென்னியம்மாள் வாய்க்குள்ளேயே பேசுகிறவள். அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். கல்யாணமான புதிதில் இருந்த குரல் எங்கே போயிற்று என்று அவளிடமே கேட்டிருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சுவரோடு சுவர் ஒட்டின பீளமேட்டு லைன் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், கட்டிலடி முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகளும்தான்.

பரிசோதிக்கிற பெண்ணின் பெயர் கனிஷ்கா. என்ன தொந்தரவு என்று கேட்டாள். சாயங்காலமானால் காதுக்குள் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம், சம்சாரம் சத்தமாகப் பேசாதது இன்னொன்று என்றேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தேன்: சத்தம் அனுப்பும்போதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் முழங்கை லேசாக அசைகிறது. அதற்கப்புறம் எனக்கு எல்லாமே கேட்டது. அவள் எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். சுவர் எதையும் சொல்லித்தரவில்லை.

முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். காதுக்கு ஒரு கோடு. இரண்டும் இடப்பக்கம் மேட்டில் ஆரம்பித்து, பாதி தூரம் வந்ததும் மருதமலைப் படி மாதிரி இறங்கிப் போயிருந்தன. என் தொழிலைத் தெரிந்துகொண்டவள் முகத்துக்கு நேரே குனிந்து, சத்தமாக, என் பாஷையிலேயே சொன்னாள்.

“பேஸ் நல்லா இருக்குதுங்க அங்கிள். ட்ரெபிள்தான் போயிருச்சு.”

கட்டைச் சத்தம் கேட்கும், கீச்சுச் சத்தம் கேட்காது என்று அர்த்தம். பெரிய சத்தத்தின் பக்கத்திலேயே இருந்து இருந்து உள்காதின் நுண்ணிய மயிரிழைகள் செத்துவிட்டனவாம். செத்தது மறுபடி முளைக்காதாம். அ, உ, ஓ எல்லாம் வந்துவிடும். ச, த, ப, க எல்லாம் வழியில் உதிர்ந்துவிடும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. ஆண் குரல் ஓரளவு தப்பிக்கும். பெண் குரலும் குழந்தைக் குரலும்தான் முதலில் போகும். கருவி வைத்தால் நிறையத் திரும்பும், முழுக்கத் திரும்பாது என்றாள். நான் வரவேண்டிய காலத்தில் வரவில்லை.

“அம்மா மெதுவாப் பேசறாங்கன்னீங்கல்ல? அது அவங்க குரல் இல்லீங்க. உங்க காது.”

சென்னியம்மாள் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கனிஷ்காவிடம் கேட்டாள். வாயசைவில் எனக்கும் புரிந்தது.

“அப்ப நான் சொல்றது எதுவுமே இவருக்குக் கேக்கறதில்லீங்களா?”

பார்த்துவிடலாம் என்றாள் கனிஷ்கா. வீட்டில் பழகின குரலைப் பின்னால் நின்று பேசச்சொல்லி, எவ்வளவு பிடிபடுகிறது என்று பார்ப்பார்களாம். என்னை ஜன்னல் கண்ணாடிக்கு எதிரே உட்காரவைத்தாள். சென்னியம்மாளை என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, வீட்டில் பேசுகிற மாதிரியே என்ன வேண்டுமானாலும் பேசச் சொன்னாள்.

சென்னியம்மாள் பேசினாள். எனக்கு ரீங்காரம்தான் வந்தது. ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் நின்றது, மறுபடி தொடர்ந்தது. நீளமான பேச்சு. கண்ணாடியில் கனிஷ்காவின் பேனா அசையாமல் நிற்பது தெரிந்தது. முடியப்போகிற சமயத்தில் ஒரே ஒரு வார்த்தையைப் பாய்ந்து பிடித்தேன்.

“தேங்காய்,” என்றேன். “சட்டினிக்கு அரைக்கோணும்ங்கறா. செரிதானுங்க கண்ணு?”

யாரும் சிரிக்கவில்லை. என் பேச்சுக்கு ஆட்கள் சிரிக்காதது எனக்குப் பழக்கம்தான். கண்ணாடியில் கனிஷ்கா மூக்கைத் துடைத்துக்கொண்டதுதான் புதிது.

காதுக்குப் பின்னால் இரண்டு கருவிகளை மாட்டிவிட்டு, முன்பு சொன்னதையே மறுபடி சொல்லச் சொன்னாள்.

“வண்டிய எங்கீங்க நிறுத்துனீங்க?” என்றது சென்னியம்மாளின் குரல்.

எழுத்து எழுத்தாகக் கேட்டது. கல்யாணத்தில் கேட்ட அதே குரல், எங்கேயும் போயிருக்கவில்லை. ஆனால் மேடைப்பேச்சுகளுக்கு நடுவிலேயே காலம் தள்ளினவனுக்கு நீளம் தெரியாதா? முன்பு பேசியது தலைமையுரை. இது நன்றியுரைக்குக்கூடக் காணாது. முதலில் சொன்னது இது இல்லையே என்றேன். இதுதான் என்றாள் சென்னியம்மாள். கனிஷ்கா கம்ப்யூட்டருக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள்.

ஒரு வாரம் போட்டுப்பார்க்கச் சொல்லிக் கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். வீட்டில் எல்லாம் கேட்டது. என் வேட்டி சரசரத்தது. கடுகு வெடித்தது. பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி போனில் யாரையோ வைவது சுவரைத் தாண்டித் தெளிவாக வந்தது. சென்னியம்மாள் மட்டும் கேட்கவில்லை. சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க என்பதோடு சரி. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

எனக்கோ அந்தத் தேங்காய் மண்டைக்குள் உருண்டுகொண்டே இருந்தது. யோசித்தால் ஒரே ஒரு தேங்காய்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆவணியில் அவள் உடுமலைப்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தாள். கூடவே ஒரு மூட்டைத் தேங்காய் வந்தது. காய் சின்னது என்று நான் குறை சொன்னேன். வந்தபிறகு அவள் தண்ணிக் கேனைத் தூக்குவதில்லை. ரம்ஜான் பீவியைக் கூப்பிடுவாள். உடுமலைச் சோறு ஆளைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று அதையும் ஒரு ஜோக்காக்கி நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு நல்லதும் நடந்தது. கருவி போட்டதிலிருந்து காதுக்குள் இருந்த வண்டைக் காணோம். கனிஷ்காவுக்கு போன் போட்டு நன்றி சொல்லலாம் என்றிருந்தேன். அன்று சாயங்காலம் கருவியைக் கழற்றி சார்ஜ் டப்பாவில் வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது வண்டு திரும்பி வந்தது. ஏறியது, இறங்கியது. எங்கிருந்து என்று எதேச்சையாகத் திரும்பினேன். அடுப்படியில் சென்னியம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தாடை அசைந்துகொண்டிருந்தது.

இத்தனை காலம் காதுக்குள் இரைந்தது நான் தாலி கட்டின வண்டு.

மார்கழிக் குளிருக்கு நான் குரங்குக் குல்லாய் போடுவது வழக்கம். மறுநாள் காலையில் கருவியை மாட்டி, அதற்குமேல் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, காலி டப்பாவை அவள் கண்ணில் படும்படி அலமாரியில் மூடி வைத்தேன். டீக்காக அடுப்படி வாசலில் உட்கார்ந்தேன். அவள் டப்பாவைப் பார்த்தாள். அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். என் பக்கம் திரும்பாமலே ஆரம்பித்தாள்.

“மூணு தடவை சொன்னேனுங்க. கர்ப்பப்பையை எடுக்கோணும்ங்கறாங்க, அக்கா ஊட்டுல இருந்துட்டு பொள்ளாச்சில ஆபரேசன் பண்ணிக்கறேன்னு. மூணு தடவையும் செரி செரின்னீங்க. கடைசித் தடவை, வாரப்ப தேங்காய் கொண்டான்னீங்க. கேட்டுட்டுத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். அக்கா ஊட்டுக்காரருதான் கையெழுத்துப் போட்டாரு.”

பால் பொங்கி வந்தது. தணித்தாள்.

“அன்னைக்கு அந்தப் புள்ள முன்னாடியும் இதையேதான் சொன்னேன். தேங்காய்னு மட்டும் புடிச்சீங்க. கேக்கலைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. இத்தனை மாசமா கேட்டும் இப்புடி இருக்கறீங்கன்னு வைஞ்சுட்டு இருந்தேன்.” டீத்தூளைப் போட்டுக் கிளறினாள். “எதுக்கும் ஆவாத பைதானுங்க. இருந்தாலும் இத்தனை வருசம் எங்கூட இருந்துச்சு.”

நான் குல்லாயைக் கழற்றினேன். டம்ளரோடு திரும்பியவள் என் காதைப் பார்த்தாள். முகம் ஒருமாதிரி ஆயிற்று. கோபம் என்றும் சொல்ல முடியாது.

“சத்தமாச் சொல்லியிருக்கலாமல்ல, புள்ளே?”

“சத்தமாச் சொல்ற சமாச்சாரமாங்க அது? லைன் ஊட்டுல நாலு ஊட்டுக்குக் கேக்கற மாதிரி கத்தோணுமா?”

கட்டிலடியில் அத்தனை பெட்டி இருந்ததே என்று ஒரு ஜோக் வாய்வரை வந்தது. அதை விழுங்கினேன். யார் எவ்வளவு சீர் வைத்தார்கள், யார் எவ்வளவு நன்கொடை தந்தார்கள் என்பதையெல்லாம் மூன்று தெருவுக்குக் கேட்கவைத்தவன் நான். என் வீட்டில் ஒருத்தி இதைச் சொல்ல எனக்கு மட்டும் கேட்கிற அளவு ஒரு சத்தம் இல்லாமல் போயிருக்கிறது.

வலிக்கிறதா என்று கேட்டேன். தையல் போட்ட இடம் எப்போதாவது இழுக்கும் என்றாள். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

“கேக்காத மாதிரி இருக்கற மனுசன்கிட்டப் பேசிப் பழகிட்டேனுங்க. கேக்குதுன்னு தெரிஞ்சா பேச்சே வரமாட்டேங்குது.” பிறகு அலமாரியைக் காட்டினாள். “இன்னுங் கொஞ்சம் இருக்குது. அதைக் கழட்டிப்போட்டு உக்காருங்க. சொல்லி முடிச்சுக்கறேன்.”

கழற்றி டப்பாவில் வைத்தேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வண்டு வந்தது. ஏறியது, இறங்கியது. எல்லாவற்றுக்கும் செரி செரி என்று ஆட்டின கழுத்து பழக்கத்தில் தானாக அசையப் பார்த்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். எங்காவது தேங்காய் வருகிறதா என்று கவனித்தேன். வெகுநேரம் பேசினாள். அந்த வார்த்தை வரவே இல்லை.