கூந்தலில் விழுந்த அசுவினி

கோடை தொடங்கிய முதல் வாரம் பூச்சிமருந்துக் கடைக்காரரின் மனைவிக்குத் தலைமுடி இலைவிட்டது. இரண்டாம் வாரம் அந்த இலைகளில் அசுவினி விழுந்தது. இலைவிட்டதற்காக வீட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பின்னலில் அவரை இலை மாதிரி பத்து இலைகள், பார்க்க லட்சணமாகவே இருந்தன. அசுவினிதான் வில்லங்கம். கடுகைவிடச் சின்னப் பச்சைப் பூச்சிகள் இலைக்கு அடியில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்ச, இலை சுருண்டது. இலை சுருளச் சுருள அவளும் படுக்கையில் விழுந்தாள். பூச்சிகள் கழித்த தேன்போன்ற நீரில் தலையணை பிசுபிசுத்தது. அந்த இனிப்புக்கு எறும்புகள் சமையலறையிலிருந்து கட்டில்வரை பாதை போட்டன. ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தபோது அவள் சுண்டுவிரலில் ரத்தம் வந்ததால் கத்தரிக்கிற பேச்சு அதோடு முடிந்தது. டாக்டர், தமக்கு இலை பற்றித் தெரியாது என்றார். விவசாய அதிகாரி, தமக்குப் பெண்களைப் பற்றித் தெரியாது என்றார். இருபது வருடம் குடும்பம் நடத்தியவர், பொய் சொல்லவில்லை.

கடைக்காரருக்கு எல்லாம் தெரியும், அதுதான் சங்கடம். அசுவினியைக் கொல்ல அவர் அலமாரியில் பதினோரு வகை மருந்து இருந்தது. ஒன்றையும் மனிதத் தலையில் தெளிக்க முடியாது.

"தெருவுக்கெல்லாம் குடுத்தீங்களே, எனக்கும் ஒரு மூடி ஊத்துங்களேன்," என்றாள் மனைவி.

"செத்துப்போயிடுவ."

"அப்புறம் எதுக்கு அத மருந்துன்னு வித்தீங்க?"

எப்பேர்ப்பட்ட பேரக்காரரையும் பேசியே மடக்குகிற மனிதர் எழுந்துபோய் வாளியை எடுத்துவந்தார். சோப்புத் தண்ணீரில் துணி நனைத்து இலை இலையாகத் துடைத்தார். விடிந்தால் பூச்சி இரட்டிப்பாகியிருந்தது. அசுவினியைத் தின்ன பொறிவண்டு வேண்டும். தெரு முழுக்கத் தேடியும் ஒன்றுகூட இல்லை. காரணம் அவருக்கே தெரியும். விலையில் காசு குறைக்காத அவர், வாளிக்கு ஒரு மூடி என்ற மருந்தில் இன்னொரு மூடியைக் கொசுறாக ஊற்றிக் கொடுத்து வாடிக்கையாளர் வாயை அடைப்பார். பதினைந்து கோடைகளின் கொசுறில் கெட்ட பூச்சியோடு நல்லதும் வழித்துத் துடைத்தாற்போல் போயிருந்தது.

மருந்தடிப்பதை நிறுத்தச் சொல்லி வீடு வீடாகப் போனார். பேரத்தை அவரிடமே கற்ற தெரு அது.

"என் வெண்டைக்கு யாருண்ணே காவல்?" என்றாள் தையல்காரம்மா.

"நானே தினம் காலையில வந்து புழு பொறுக்குறேம்மா."

"ரெண்டு வேளைன்னா பேசலாம்."

வாழ்க்கையில் முதன்முறையாக மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கடையைச் சாத்திவிட்டு பத்தொன்பது தோட்டங்களில் இரண்டு வேளையும் குனிந்து புழு பொறுக்கினார். தக்காளியில் புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எரித்தார். இலை நனையாமல் வேருக்கு மட்டும் தண்ணீர் விட்டார். அதற்குள் மனைவியின் இலைகள் கரிப்பூஞ்சை படிந்து உதிர ஆரம்பித்தன. உதிர்ந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மரத்துப்போனது. குரல், காதை வாயருகே வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு இளைத்தது. சுவருக்குப் பின்னால் நின்று ஓய்வுபெற்ற வாத்தியார் கத்திரிக்குத் திருட்டுத்தனமாக மருந்தடித்த அன்று மதியம் நான்கு இலைகள் ஒன்றாக விழுந்தன. யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் தெளிப்பானைக் கொண்டுவந்து கடைப்படியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மூன்று இலை மிச்சமிருந்தபோது, சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த ஒரு பொறிவண்டு ஜன்னல் வழியே வந்து தலையணையில் இறங்கியது. கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது ஒரே ஒரு அசுவினியைத் தின்றது, சரக்கைப் பதம் பார்க்கிறவர் மாதிரி சற்று நின்றது, பறந்துபோனது. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் நாற்பது வந்தன.

மூன்று இலைகளும் விரிந்தன, அவள் எழுந்தாள். ஏழு விரல்களுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. சூடான டம்ளரை இன்றும் கணவர்தான் எடுத்துக் கொடுக்கிறார். வண்டுகள் பின்னலிலேயே குடும்பம் நடத்துகின்றன. அவள் பஸ்ஸில் ஏறினால், "ஜன்னலோரமா உக்காருங்கக்கா, அதுங்களுக்குக் காத்து வேணும்ல," என்று கண்டக்டர் ஆளை எழுப்பி இடம் கொடுப்பார். எழுந்தவர் பின்னலில் இடிக்காமல் ஒதுங்கி நின்று, விட்ட இடத்திலிருந்து பேப்பர் படிப்பார்.