முதலில் இறங்கிய கதவு

“கதவும் தகரமும் கடைசியா ஏத்து, தம்பி. அப்பதான் அங்க முதல்ல இறக்கலாம்” என்றாள் கமலாட்சி.

பரந்தனில் ஷெல் விழத் தொடங்கிய தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. ஊரே விசுவமடுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒருமுறை இடம்பெயர்ந்து அலைந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: மரநிழலில் யார் முதலில் கதவைச் சாத்திவைக்கிறார்களோ, அந்த நிழல் அவர்களுக்கு. கமலாட்சி போனமுறை வெயிலில் கிடந்தவள்.

நல்லதம்பி உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியைச் சுற்றி வந்தான். கிறீஸ் கிடைக்காததால், தேங்காயெண்ணெயில் மெழுகுதிரியை உருக்கிச் சில்லுகளுக்குப் பூசியிருந்தான். பெட்டியைப் பூட்டும் ஆணி கழலாமலிருக்க ஒரு துண்டுக் கம்பி. அது அறுந்தாலும் பெட்டி விலகாதபடி ஒரு சங்கிலி.

“அக்கா, பாரம் முன்னுக்கு இருக்கவேணும். பின்னுக்கு ஏத்தினா பெட்டி முன்பக்கம் கிளம்பும்.”

“நீ மெசினை ஓட்டு. குடும்பத்தை நான் ஓட்டுறன். அலுமாரி ஆடுது, அந்தச் சங்கிலியால கட்டு.”

“அது பெட்டிக்கு...”

“அம்மா தந்த அலுமாரியடா!”

தாய்க்குப் பிறகு தன்னை வளர்த்தவளிடம் அவன் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. சங்கிலியைக் கழற்றினான்.

வேலிக்கு அந்தப்பக்கம் அவன் மனைவி சிவலட்சுமி விதைநெல் மூட்டைகளின் மேல் இருந்தாள். வரும் மழைக்கால விதைப்பான காலபோகம் முழுவதும் அவளுக்குக் கீழே இருந்தது.

“உங்கட கொக்காவின்ர அம்மியும் இடம்பெயருது. என்ர நெல்லு கிடந்து பாக்குது” என்றாள், அவன் அக்காவின் சாமான்களைக் காட்டி.

“இதை இறக்கிப்போட்டு உடன வாறனப்பா. அடுத்தது எங்கட லோட்தான்.”

“வருவீங்கள். வந்து சாம்பலை ஏத்துவீங்கள்.”

கண்டாவளைச் சந்தி தாண்டியதும் ஒரு மதகு. ஏற்றத்தில் நல்லதம்பி கியரைக் குறைத்தான். பின்னால் அம்மியும் கதவும் தகரமும் கீழே இழுக்க, பெட்டியின் முன்பக்கம் மெல்லக் கிளம்பியது. ஒரு கணம் அது வானத்தைப் பார்க்க ஆசைப்பட்டதுபோலிருந்தது. கம்பி அறுந்தது. ஆணி துள்ளியது. பாரம் இறங்கிய இயந்திரம் முன்னால் பாய, பெட்டி பின்னோக்கி உருண்டு வாய்க்காலுக்குள் சரிந்தது. அச்சு வளைந்துபோனது.

கமலாட்சி சொன்னபடியே கதவுதான் முதலில் இறங்கியது.

யாருக்கும் காயமில்லை. பின்னால் வெறும் பெட்டியோடு வந்த ஒருவர் இரங்கி நிறுத்தினார். எல்லாரும் சேர்ந்து சாமான்களை அதில் மாற்றினார்கள். கமலாட்சி அலுமாரியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

“தம்பி, மரமெல்லாம் போயிடும். நான் முன்னுக்குப் போறன். நீ ஆறுதலா, மெல்ல வா.”

பெட்டியில்லாத இயந்திரத்தைத் திருப்பி அவன் எதிர்த்திசையில் ஓட்டினான். சனம் விலகி வழிவிட்டது. “எங்க போறாய்? பரந்தனுக்குள்ள ஆமி வந்திட்டான்” என்றார் ஒருவர்.

அந்தக் கூட்டத்துக்குள் சிவலட்சுமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கரியரில் ஒரு மூட்டை. மற்றவை வரவில்லை. அவள் இயந்திரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

“பெட்டி?”

“வாய்க்காலுக்க.”

“கொக்கா?”

“போயிட்டா.”

“சங்கிலி?”

அது அலுமாரியோடு போயிருந்தது.

சிவலட்சுமி மூட்டையை அவிழ்த்து மட்கார்ட்டின் மேல் தூக்கி வைத்தாள். “இதையாவது இறுக்கிக் கட்டுங்கோ” என்றாள். கட்ட அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.